தனி மனிதரின் கருவியும் சமுதாயத்தின் துணையும்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடதிசை நோக்குவோர்க்கு, இரண்டு ஆறுகளின் நடுவே பசுமை போர்த்துக் கிடக்கும் திருவரங்கத் தீவு தென்படும். மேற்கே முக்கொம்பில் காவிரியினின்றும் கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணைக்கு அருகில் இவ்விரு ஆறுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. தீவின் தலைமாட்டில் ஓர் அணை. கால்மாட்டில் ஓர் அணை. இவ்விரண்டு அணைகளும் நமக்கு ஒரு வரலாற்றுப் பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. புதியதொன்றைக் கண்டுபிடிக்கும் அறிவு எங்கும் பிறக்கும். ஆயின், அது நிலைத்து நின்று பிறர்க்குப் பயன்படுவதும், கண்டுபிடித்தவரின் பெயர் வாழ்வதும், அவரைச் சூழ்ந்து நிற்போரின் துணையைப் பொறுத்தன என்பதே அப்பாடம்.

பெயர் மறைந்த வித்தகர்கள்

கல்லணையைக் கரிகாற் சோழன் கட்டினான் என்பது மரபு. மன்னனின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், அடி காண முடியாத ஆற்று மணலில் பெரும் கற்களை இட்டு, அவை புதையப் புதைய மேலும் கற்களை அடுக்கி, உறுதியானதோர் அடித்தளத்தை உண்டாக்கலாம் என்று முதன் முதலில் கண்டறிந்தவர் யார்? அவர் ஒருவரா, ஒரு கூட்டத்தாரா? அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்வெட்டும் நமக்குச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி நீரின் பெரும் பகுதி கொள்ளிடத்தில் பாய்ந்து கடலில் கலந்தது. தஞ்சைத் தரணி நீரின்றி வாடியது. அந்நாளில் கம்பெனி அரசின் பொறியாளராக இங்கு வந்த ஆர்தர் காட்டன், கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். மணலில் அடித்தளம் இடும் வித்தையைத் தாம் இந்நாட்டுப் பண்டையோரிடமிருந்தே கற்றதாக அவர் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். அவ்வித்தையைக் கொண்டே 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை எழுப்பினார். பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பியபோதும் அதே வித்தை அவருக்குக் கைகொடுத்தது.

காட்டனின் திறமையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அவருக்குப் பின்னால் அரசின் கருவூலம் இருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் இருந்தனர். அவர் கண்டதை எழுதி வைக்க ஏடும், அச்சிட்டுப் பரப்ப அச்சகமும் இருந்தன. ஆகவே அவர் பெயர் நின்றது. மணலில் கல்லை முதலில் இட்டவரின் பெயர், அதே மணலுக்குள் கல்லோடு கல்லாகப் புதைந்து போயிற்று. 2018 ஆகஸ்ட் 22 அன்று காட்டனின் மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதும், அதன் பின்னர் அங்கே புதிய கதவணை ஒன்று எழுந்ததும் நாம் அறிந்தவையே. அணைகள் மாறலாம், அறிவு கைமாறிக்கொண்டே செல்கிறது. அதை முதலில் ஈன்றவரை மட்டும் உலகம் எளிதில் மறந்துவிடுகிறது.

ஒரே காலம், இரண்டு பாதைகள்

பழங்காலத்தை விட்டு நம் காலத்திற்கு வருவோம். இன்று தேர்தல் நாளன்று நாம் ஒவ்வொருவரும் வாக்குச் சாவடியில் ஒரு பொத்தானை அழுத்தி வருகிறோம். அந்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வரலாற்றில் திருவரங்கத்துக்கு ஒரு பங்குண்டு. சுஜாதா என்ற புனைபெயரில் தமிழ் வாசகர்களின் உள்ளத்தைக் கவர்ந்த எஸ். ரங்கராஜன், சென்னையில் பிறந்து திருவரங்கத்தில் தம் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, இவ்வியந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர் அவரே. அப்பணிக்காக வாஸ்விக் விருதும் அவருக்குக் கிடைத்தது.

இதே வரலாற்றில் இன்னொரு பெயரும் உண்டு. அதை அறிந்தோர் மிகச் சிலரே. எம்.பி. ஹனீபா என்பார் உருவாக்கிய, மின்னணு முறையில் இயங்கும் வாக்கு எண்ணும் இயந்திரம் 1980 அக்டோபர் 15 அன்று அரசிதழில் இடம் பெற்றது. ஒருங்கிணைந்த மின்சுற்றுகளைக் கொண்டு அமைந்த அவ்வியந்திரம், தமிழகத்தின் ஆறு நகரங்களில் நடைபெற்ற அரசுப் பொருட்காட்சிகளில் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. நிறுவனம் ஒன்றின் பின்பலத்தோடு செயற்பட்டோர் ஒரு புறம். தம் சொந்த முயற்சியில் ஒரு கருவியை ஆக்கி மக்கள் முன் வைத்த தனி மனிதர் ஒரு புறம்.

இங்கே யாரும் யாருடைய கருத்தையும் கவர்ந்துகொண்டார் என்று நாம் சொல்லவில்லை. காலம் ஒரு தேவையை உணர்த்தும்போது, பல உள்ளங்களில் ஒரே எண்ணம் ஒரே வேளையில் முளைப்பது அறிவியல் வரலாற்றில் புதிதன்று. 1977இல் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த எஸ்.எல். ஷக்தர் இவ்வெண்ணத்தை எழுப்பினார். 1979இல் ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஒரு மாதிரியை உருவாக்கியது. 1980 ஆகஸ்டில் அது அரசியல் கட்சிகளின் முன் இயக்கிக் காட்டப்பட்டது. நாம் கேட்க விரும்பும் வினா வேறு. ஒரே எண்ணத்தோடு புறப்பட்டோரில், நிறுவனத்தாருக்குக் கிடைத்த எவை தனி மனிதருக்குக் கிடைக்கவில்லை?

இருபத்தேழு ஆண்டுப் பயணம்

இயந்திரத்தின் பயணத்தைச் சற்றே தொடர்ந்து பார்ப்போம். 1982 மே மாதத்தில் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் அது முதன் முதலாகப் பயன்பட்டது. தோற்ற வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் சொல்லப்பட்டிருப்பது வாக்குச் சீட்டே. இயந்திரத்துக்கு அதில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தப் பணித்தது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பின்னரே இயந்திரத்துக்கு வாழ்வு வந்தது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், டில்லி ஆகியவற்றின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் அது மீண்டும் களம் கண்டது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில்தான் நாடெங்கும் எல்லாத் தொகுதிகளிலும் அது இடம் பெற்றது.

எண்ணம் எழுந்த நாள் முதல் நாடு முழுதும் பரவிய நாள் வரை 27 ஆண்டுகள்! இதற்கிடையே வழக்கொன்று, சட்டத் திருத்தமொன்று, பெருந்தொழிற்சாலைகள் இரண்டு, பொதுமக்களின் ஐயங்களைக் களையும் ஓயாத முயற்சி. இத்தனைக்கும் மேலாக, இவ்வியந்திரத்தை வாங்கக்கூடியவர் நாட்டில் தேர்தல் ஆணையம் ஒன்றே. ஒரே ஒரு வாடிக்கையாளர் உள்ள சந்தையில், ஆறு நகரங்களின் பொருட்காட்சிகளில் ஆயிரம் பேர் வியந்து பாராட்டினாலும், அப்பாராட்டு விலையாக மாறுவதில்லை.

சட்டத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, இத்தகைய கருவிக்குரிய காப்புரிமை அந்நாளில் 14 ஆண்டுகளே செல்லும். 1980இல் ஒருவர் எல்லா உரிமைகளையும் முறையாகப் பெற்றிருந்தாலும், 1994இல் அவை காலாவதியாகியிருக்கும். இயந்திரம் மீண்டும் களம் கண்டதோ 1998இல்! நிறுவனம் காத்திருக்கும், மாதந்தோறும் அது ஊதியம் தரும். தனி மனிதருக்குக் காத்திருக்கும் காலம் முழுதும் கைப்பொருள் கரையும் காலம். தனி மனிதரின் அறிவு குறைந்ததன்று. அவருடைய காத்திருக்கும் வலிமையே குறைவு. அவ்வலிமையை அளிக்க வேண்டியது யார் என்பதே நம் வினா.

அடகு வைத்த வளையல்கள்

இவ்வினாவிற்கு விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. சுஜாதா தூய வளனார் கல்லூரியில் பயின்ற அதே காலத்தில், இராமேசுவரத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரும் அங்கே இயற்பியல் பயின்றுகொண்டிருந்தார். அவரே பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். அங்கிருந்து அவர் குரோம்பேட்டையின் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர விரும்பியபோது, ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. அவருடைய தமக்கையார் ஸுஹ்ரா அவர்கள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைப் படிக்க அனுப்பினார். அந்நகைகளைத் தம் சொந்த உழைப்பில் மீட்டுத் தருவதென அன்றே தம்பி உறுதி பூண்டார்.

அக்கல்லூரியின் கதையும் இதற்கு ஒத்ததே. சி. இராசம் என்ற தொழிலதிபர் தம் மாளிகையை விற்ற பணத்தை முதலாக இட்டு 1949இல் அதனைத் தொடங்கினார். சுஜாதாவும் அங்கேயே மின்னணுவியல் பயின்றார். ஒரு பெண்ணின் நகையும் ஒரு செல்வரின் வீடும் இல்லாதிருந்தால், நாட்டின் ஏவுகணை வரலாறும் வாக்கு இயந்திர வரலாறும் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கக் கூடும். திருச்சியிலேயே 1951இல் ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாகிப் அவர்களும் ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் அவர்களும் ஜமால் முஹம்மது கல்லூரியை நிறுவியதும் இதே உணர்வினால்தான்.

ஆக, நம் சமுதாயம் கல்விக்கு வாரி வழங்கத் தெரிந்த சமுதாயம். ஆனால், கல்விக்குக் கை நீட்டும் நாம், கண்டுபிடிப்புக்குக் கை நீட்டுகிறோமா? பட்டம் பெறப் போகும் பிள்ளைக்குப் பணம் தருவோம். பட்டறையின் மூலையில் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை, வேலையற்றவன் என்று சொல்லிவிடுகிறோம். இது நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டிய குறை.

முன்னோர் காட்டிய வழி

இக்குறையைக் களைய இஸ்லாமிய வரலாற்றில் நமக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தியார்பக்ரில் அர்துகீ மன்னர்களின் அவையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு பணியாற்றிய அல்ஜஸரீ, நீரால் இயங்கும் கடிகாரங்கள், நீர் இறைக்கும் பொறிகள், தானே இயங்கும் உருவங்கள் எனப் பல கருவிகளைச் செய்தார். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூது, இவ்வளவு அரும்பாடும் வீணாகிவிடலாகாது என்று கருதி, அனைத்தையும் நூலாக எழுதும்படி அவரைப் பணித்தார். அவ்வாறே 1206இல் நிறைவெய்திய நூலில், ஐம்பது கருவிகள் படங்களோடும் அளவுகளோடும் விளக்கப்பட்டுள்ளன. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும், அந்நூலைக் கொண்டு அக்கருவிகளை மீண்டும் செய்ய முடிகிறது. கல்லணையின் வித்தகர்க்குக் கிட்டாதது அல்ஜஸரீக்குக் கிட்டியது. எழுதச் சொல்ல ஒருவர் இருந்தார், அவ்வளவே வேறுபாடு.

அதன் பின்னர் 1259இல் நஸீருத்தீன் தூஸீ தலைமையில் மராகாவில் எழுந்த வானாய்வுக் கூடத்திற்கு, வக்பு வருவாயினின்று பொருள் ஒதுக்கப்பட்டது. தொழுகைக்கும் மதரஸாவுக்கும் மட்டுமன்றி, வானத்தை அளக்கும் கருவிகளுக்கும் அறக்கட்டளைப் பொருள் பயன்பட்டது என்பதை நம் ஜமாஅத்துப் பெரியோர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

திருச்சியில் கிடைக்கும் துணைகள்

இனி, நம் ஊரில் இன்றுள்ள வாய்ப்புகளைக் காண்போம். கைத்திறனுக்குத் திருச்சியில் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928இல் பொன்மலையில் நிலைகொண்ட இரயில்வே பணிமனை, தலைமுறை தலைமுறையாகத் தச்சரையும் கொல்லரையும் கடைசல்காரரையும் உருவாக்கி வந்துள்ளது. 1965இல் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தைச் சுற்றி, துவாக்குடியிலும் அக்கம்பக்கத்திலும் சிறு பட்டறைகள் பெருகின. இரும்பை வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் வல்லோர் அங்கே நிறைந்துள்ளனர். ஆனால் அப்பட்டறைகள் பெரும்பாலும் பிறர் தந்த வரைபடத்தின்படி வேலை செய்யவே பழகியவை. பெருநிறுவனத்தின் வேலை ஆணை குறைந்தால் அவையும் வாடிவிடும். தாமே சிந்தித்த பொருளைச் செய்யத் துணிந்தவர்க்கே இந்நிலையினின்று மீட்சி.

அத்துணிவுக்குத் துணை நிற்கவே, மண்டலப் பொறியியற் கல்லூரியைச் சார்ந்து 1986இல் அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா திருச்சியில் அமைந்தது. நாட்டில் இவ்வகையில் எழுந்த முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அகமதாபாத்தின் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு, படிப்பறிவு குறைந்த உழவரும் கைவினைஞரும் கண்ட புதுமைகளை ஊர் ஊராகச் சென்று திரட்டியது. மதுரையின் சேவா அமைப்பு அதனோடு இணைந்து, தமிழில் 'நம்வழி வேளாண்மை' இதழை வெளியிட்டு வந்துள்ளது. 2000இல் பிறந்த தேசியப் புத்தாக்க நிறுவனம், முறையான தொழிற்கல்வி பெறாத கண்டுபிடிப்பாளர்களின் சார்பில் தானே காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறது. 2003இல் சிட்பி வங்கியின் உதவியோடு, ஈடு கேட்காது முதலீடு தரும் நிதி ஒன்றும் அந்நிறுவனத்தில் அமைந்தது.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். இன்று காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். கருவி முழுமை பெறுமுன்னரே தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைக் காத்துக்கொள்ளலாம். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரணம் தந்துவிட வேண்டும். தனி மனிதர் செலுத்தும் கட்டணம் பெருநிறுவனங்கள் செலுத்துவதைவிட மிகவும் குறைவு. தமிழகத்தார் அணுக வேண்டிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: விண்ணப்பிக்கும் முன் கருவியைப் பலர் முன் காட்டிவிட்டால், புதுமை என்ற தகுதியே பறிபோகக் கூடும். மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் ஓராண்டுச் சலுகை உண்டு. ஆதலால், முதலில் விண்ணப்பம், பின்னரே பொருட்காட்சி.

இங்கே ஓர் இடையூறு உள்ளது. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் அமைய வேண்டும். பொன்மலையில் நாற்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒரு கைவினைஞர், தம் கருவியைத் தமிழில் தெள்ளத் தெளிய விளக்குவார்; ஆனால் அத்தமிழை அலுவலகம் ஏற்காது. பொறியியல் படித்த நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அவருடைய திண்ணையில் நான்கு மாலைப் பொழுதுகள் அமர்ந்தால் போதும், அச்சுவர் தகர்ந்துவிடும்.

நாம் செய்ய வேண்டுவன

கோவையின் அருணாசலம் முருகானந்தம் அவர்களின் வரலாறு நமக்கோர் எச்சரிக்கை. ஏழைப் பெண்களுக்கு மலிவான விலையில் விலக்கணை செய்து தரும் இயந்திரத்தை அவர் ஆராய்ந்த நாட்களில், ஊரார் அவரைப் பித்தர் என்றனர், ஒதுக்கி வைத்தனர். துணைவியாரும் தாயாரும் கூட அவரைப் பிரிந்து சென்றனர். பின்னர் சென்னை ஐ.ஐ.டி. அவருடைய இயந்திரத்தின் மேன்மையை உணர்ந்தது, பரிசுகள் வந்தன, 2016இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. பிரிந்த குடும்பமும் மீண்டும் சேர்ந்தது. அவரோ தம் இயந்திரத்தைப் பெருநிறுவனங்களுக்கு விற்காமல், பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கே அளித்தார். இகழ்ந்த சமுதாயத்துக்கே திருப்பிக் கொடுத்த பெருந்தகை அவர். எல்லாரும் அவ்வளவு உரம் படைத்தவரல்லர். இகழ்ச்சியிலேயே கருகிப்போன கருவிகள் எத்தனையோ! ஏளனம் செய்யாதிருப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. நாம் தரக்கூடிய முதல் உதவி அதுவே.

இரண்டாவது, காத்திருக்கும் வலிமை. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் வட்டியில்லாத அழகிய கடன் வழங்கும் ஜமாஅத்துகள், மாதிரிக் கருவி ஒன்றைச் செய்து பார்ப்பதற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். எல்லாக் கருவியும் வெற்றி பெறாது. பத்தில் ஒன்று வென்றாலும் போதும் என்ற மனத்தோடு அதனை வழங்க வேண்டும். மூன்றாவது, பட்டறை. நம் கல்வி நிலையங்களின் கடைசல் எந்திரங்களும் சோதனைக் கூடங்களும் விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. பொறுப்பான ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், அவற்றை ஊர்க் கைவினைஞர்க்குத் திறந்துவிடலாகாதா? நான்காவது, பெயர். யார் எதைச் செய்தார், எந்த நாளில் செய்தார் என்பதைக் குறித்து வைக்க ஊர்தோறும் ஓர் ஏடு வேண்டும். அல்ஜஸரீக்கு மன்னர் செய்ததை, நம் ஊர்க் கைவினைஞர்க்கு நாம் செய்யலாம்.

கல்லணையில் முதற் கல்லை இட்டவரின் பெயரை இனி நாம் மீட்க இயலாது. ஆறு நகரங்களின் பொருட்காட்சிகளில் நின்ற ஹனீபாவின் பெயர் இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் தெருவிலேயே, இந்நேரம் விளக்கொளியில் குனிந்து எதையோ பொருத்திக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கக் கூடும். அவருடைய கதவைத் தட்டி, "என்ன செய்கிறீர்கள், தம்பி? நாங்கள் என்ன உதவ வேண்டும்?" என்று கேட்கும் முதல் மனிதராக நம்முள் ஒருவர் இருப்பாராக. இன்ஷா அல்லாஹ், மணலில் இட்ட அக்கல்லும் ஒரு நாள் அணையாக எழும்.